அரிதாள் தீயும் மக்கள் உடல்நலமும்: பஞ்சாபின் பயிர்க்கழிவு எரிப்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கல்வெட்டுக்களையும் ஏடுகளையும் அரசாங்க அறிக்கைகளையுமே தமது சான்றுகளாகக் கொள்வர். ஆயின் ஒரு சமுதாயத்தின் உற்பத்தி முறை அச்சமுதாயத்து மக்களின் உடலிலும் தன் அடையாளத்தைப் பதித்துச் செல்கின்றது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் சுவாசப்பையும் பஞ்சாலைத் தொழிலாளியின் இருமலும் கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றை எவ்வளவு தெளிவாக உரைக்கின்றனவோ, அவ்வளவு தெளிவாகப் பசுமைப் புரட்சியின் வரலாற்றை வட இந்திய வயல்களிலிருந்து எழும் புகை உரைக்கின்றது.

ஆண்டுதோறும் ஒக்ரோபர் மாத இறுதியிலும் நவம்பர் மாதத் தொடக்கத்திலும், நெல் அறுவடை முடிந்த கையோடு, பஞ்சாப், ஹரியானா ஆகிய மாநிலங்களின் வயல்களில் எஞ்சி நிற்கும் அரிதாளும் சிதறிக் கிடக்கும் வைக்கோலும் தீயிடப்படுகின்றன. அப்புகை கங்கைச் சமவெளி வழியே தென்கிழக்காகப் பரவித் தலைநகராகிய டில்லியையும் சூழ்கின்றது. அந்நாட்களில் பத்திரிகைகள் விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. அவனது அறியாமையும் பொறுப்பின்மையுமே இதற்குக் காரணம் எனக் கூறுவோர் பலர். இக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும்? இந்தத் தீ எப்பொழுது, எவ்வாறு, யாருடைய தீர்மானங்களால் மூட்டப்பட்டது? அதன் புகையை முதலிற் சுவாசிப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு வரலாற்று அடிப்படையில் விடை காண இக்கட்டுரை முற்படுகின்றது.

உணவுத் தேவையும் புதிய பயிர்முறையும்

நெல் பஞ்சாபின் மரபுவழிப் பயிரன்று. கோதுமை, சோளம், கடலை, பருத்தி, கம்பு, கரும்பு என்பனவே அம்மண்ணில் நெடுங்காலமாக விளைந்தவை. அம்மக்களின் அன்றாட உணவும் ரொட்டியே. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது, பிரித்தானியர் காலத்தில் உருவான கால்வாய்க் குடியேற்றங்களின் பெரும்பகுதி பாகிஸ்தானைச் சேர்ந்தது. இந்தியாவுக்குக் கிடைத்த கிழக்குப் பஞ்சாப், ஒப்பீட்டளவில் நீர்ப்பாசன வசதி குறைந்த பகுதியாகவே இருந்தது. அகதிகளாக வந்த விவசாயிகள் அந்நிலத்தில் புதிதாக வாழ்க்கையைத் தொடங்க வேண்டியவராயினர்.

1962இல் லூதியானாவில் பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1963இல் பக்ரா அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இவற்றைத் தொடர்ந்து வந்த 1965, 1966ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சி இந்தியாவின் உணவு நிலையைப் பெரும் நெருக்கடிக்குள்ளாக்கிற்று. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் கோதுமையை எதிர்பார்த்து வாழும் நிலை, உணவுப் பிரச்சினையாக மட்டுமன்றி நாட்டின் சுயாதிபத்தியம் பற்றிய பிரச்சினையாகவும் உணரப்பட்டது. அக்காலத்து உணவு விவசாய அமைச்சராகிய சி. சுப்பிரமணியம், விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் ஆகிய தமிழகத்தைச் சேர்ந்த இருவரும், நோமன் போர்லோக் உருவாக்கிய குட்டை இனக் கோதுமையை இந்தியாவிற் பரப்புவதில் முன்னின்றனர். 1966இல் மெக்சிக்கோவிலிருந்து 18,000 தொன் விதைக் கோதுமை இறக்குமதி செய்யப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே இந்திய உணவுக் கூட்டுத்தாபனமும் விவசாய விலை ஆணைக்குழுவும் செயற்படத் தொடங்கியிருந்தன. விதை, உரம், நீர், உறுதியான விலை, உறுதியான கொள்வனவு என்ற ஐந்தும் ஒருங்கிணைந்தபோது பஞ்சாபின் கோதுமை விளைச்சல் பன்மடங்காயிற்று.

கோதுமையைத் தொடர்ந்து நெல் வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட ஐ. ஆர். 8 என்னும் குட்டை நெல்லும் அதன் வழிவந்த இனங்களும், குளிர்காலக் கோதுமைக்கு முன்னதாகக் கோடை மழைக்காலத்தில் இன்னொரு பெருவிளைச்சலைப் பெறும் வாய்ப்பை விவசாயிக்கு அளித்தன. சோளத்துக்கோ கடலைக்கோ அரசு விலை அறிவித்தபோதிலும், விளைந்ததை விளைந்தபடி கொள்வனவு செய்யும் ஏற்பாடு நெல்லுக்கும் கோதுமைக்குமே உறுதியாக இருந்தது. எனவே விவசாயி அவ்விரண்டையுமே பயிரிட்டான். 1960ஆம் ஆண்டளவில் 2 இலட்சத்துச் சொச்சம் ஹெக்டேயராக இருந்த பஞ்சாபின் நெல் நிலம், 2010ஆம் ஆண்டுகளின் இறுதியில் ஏறத்தாழ 30 இலட்சம் ஹெக்டேயராகப் பெருகிவிட்டது.

இங்கு ஓர் உண்மை நினைவிற் கொள்ளத்தக்கது. இந்நெல்லின் மிகப் பெரும்பகுதி பஞ்சாப் மக்கள் உண்பதற்காக விளைந்ததன்று; மத்திய அரசின் களஞ்சியத்தைச் சேர்ந்து, பங்கீட்டுக் கடைகள் வழியே பிற மாநிலங்களின் அடுப்பங்கரைகளைச் சென்றடைந்தது. சோறு வெளியே சென்றது. வைக்கோல் வயலிலேயே தங்கிற்று.

இம்மாற்றம் எச்சரிக்கை எதுவுமின்றி நிகழ்ந்ததெனக் கூறவும் முடியாது. 1968ஆம் ஆண்டு தை மாதம் வாரணாசியில் நடைபெற்ற இந்திய விஞ்ஞான மாநாட்டிலே, மண்வளத்தையும் நிலத்தடி நீரையும் பேணாது விளைச்சல் ஒன்றையே குறியாகக் கொள்ளும் வேளாண்மை பேராபத்தில் முடியும் எனச் சுவாமிநாதனே எடுத்துரைத்தார். பசித்த நாட்டின் அவசரத்தில் அக்குரலுக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை.

இயந்திரமும் வைக்கோலும்

நெல் பரவியதனால் மட்டும் தீ பரவிவிடவில்லை. அரிவாளால் அறுக்கும் முறையில் தாள் அடியோடு அறுக்கப்படும். கதிரடித்தபின் வைக்கோல் ஓரிடத்திற் சேரும். வயலில் எஞ்சுவது சிறிதே. 1980களிலிருந்து பஞ்சாப் வயல்களில் பெருகிய கூட்டறுவடை இயந்திரம் இந்நிலையை மாற்றியது. அறுத்தல், அடித்தல், தூற்றல் ஆகிய மூன்றையும் ஒருங்கே செய்யும் இவ்வியந்திரம் கதிரையே நாடுகின்றது. அது கடந்து சென்ற வயலில், முழங்கால் உயரத்துக்கு வேரூன்றிய அரிதாளும், அதன்மேல் வரிசையாகக் கொட்டப்பட்ட தளர்ந்த வைக்கோலும் எஞ்சுகின்றன.

இயந்திரத்தை விவசாயி நாடியமைக்கு வலுவான காரணங்கள் இருந்தன. பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசம் முதலிய பகுதிகளிலிருந்து வரும் கூலித் தொழிலாளரை நம்பியே நெல் வேளாண்மை நடைபெற்றது. அறுவடைக் காலத்தில் எல்லா வயல்களுக்கும் ஒரே வேளையில் ஆட்கள் தேவைப்பட்டனர்; கூலியும் உயர்ந்தது. சொந்தமாக இயந்திரம் வாங்க இயலாத சிறுவிவசாயியும் ஏக்கருக்கு இவ்வளவு என வாடகை கொடுத்து அதனைப் பெறலாம். பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிந்தது.

கோதுமை வைக்கோல் கால்நடைகளுக்குச் சிறந்த தீவனமாதலின், அரிதாளையும் வெட்டித் துண்டாக்கிச் சேர்க்கும் பொறி விரைவில் வழக்குக்கு வந்தது, அது வீணாவதில்லை. நெல் வைக்கோலோ சிலிக்கா மிகுந்தது. நெல்லை நெடுங்காலமாகப் பயிரிட்டுவந்த பிரதேசங்களில் மாடுகள் அதனை உண்டு பழகியவை. கூரை வேய்தல் முதலிய வேறு பயன்களும் அதற்குண்டு. கோதுமை வைக்கோல் தாராளமாகக் கிடைக்கும் பஞ்சாபிலோ அதனைத் தேடுவார் இலர். பாசுமதி நெல்லின் வைக்கோல் மட்டும் தீவனமாக ஓரளவு விரும்பப்படுகின்றது. அதனைக் கையால் அறுக்கும் வழக்கமும் நீடித்தது. ஆகவே அத்தகைய வயல்களில் தீ குறைவு. ஒரே ஊரில், ஒரே விவசாயி, ஒரு வயலை எரித்தும் இன்னொன்றை எரிக்காதும் விடும் இந்நிலை, தீக்குக் காரணம் மனிதனின் மனப்பாங்கன்று, பயிரின் பொருளாதாரமே என்பதை நன்கு காட்டுகின்றது.

ஆண்டொன்றுக்குப் பஞ்சாபில் மட்டும் ஏறத்தாழ 20 மில்லியன் தொன் நெல் வைக்கோல் சேர்கின்றது. அதனை அகற்றி அடுத்த கோதுமையை விதைப்பதற்கு உள்ள கால இடைவெளியோ மிகக் குறுகியது. வைக்கோலை அள்ளி ஏற்றுவதற்குப் பணம் வேண்டும். உழுது மண்ணுள் புதைத்தால் அது மக்குவதற்குக் காலம் வேண்டும். தீக்கு வேண்டியது ஒரு தீக்குச்சி மாத்திரமே.

நிலத்தடி நீரும் தீயின் காலமும்

ஏக்கருக்கு ஏக்கர் நெல் பரவியபோது அதற்கு வேண்டிய நீர் பெரிதும் நிலத்துக்கடியிலிருந்தே இறைக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டளவில் பஞ்சாபில் ஏறத்தாழ 2 இலட்சமாக இருந்த குழாய்க் கிணறுகள் பிற்காலத்தில் 14 இலட்சத்தைக் கடந்தன. 1997இல் விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமாக்கப்பட்டபின், இறைப்பைக் கட்டுப்படுத்தும் கடைசித் தடையும் நீங்கிற்று. கடும் வெயிலில், பருவமழை தொடங்குமுன்னரே நாற்று நடும் வழக்கம் நீரை ஆவியாக்கி விரயஞ் செய்தது. நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுதோறும் இறங்கியது.

இதனைத் தடுப்பதற்காக 2009இல் பஞ்சாப் அரசு நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிற்று. ஹரியானாவும் அவ்வாண்டில் அத்தகைய சட்டத்தை இயற்றியது. பஞ்சாபின் சட்டப்படி யூன் 10ஆந் திகதிக்கு முன் வயலில் நாற்று நடுதல் குற்றமாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் இத்திகதி மேலும் சில நாட்கள் தள்ளியும் வைக்கப்பட்டது. நீரைக் காக்கும் நோக்கில் இச்சட்டம் நியாயமானதே. ஆனால் நடுகை பிந்தியதால் அறுவடையும் பிந்தியது. கோதுமை விதைப்புக்குரிய காலமோ மாறவில்லை. நவம்பர் நடுப்பகுதியைத் தாண்டினால் விளைச்சல் குறையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம் இரண்டு மூன்று வாரமாகச் சுருங்கிற்று. ஒக்ரோபரில் நீண்ட நாட்களிற் பரவலாக எரிந்த தீ, அம்மாத இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் ஒருமித்து எரியலாயிற்று.

அக்காலப் பகுதியின் வானிலை ஒக்ரோபர் முற்பகுதியினதைப் போன்றதன்று. குளிர் தொடங்கி, காற்று ஓய்ந்து, நிலத்தை அண்டிய வளிப்படை மேலெழாது படிந்து நிற்கும் காலம் அது. எழும் புகை கலைந்து போக வழியின்றித் தாழ்ந்தே பரவும். 2019இல் வெளியான ஓர் ஆய்வு, இவ்வாறு தீயின் காலம் ஒடுங்கியமையால் நவம்பர் மாதத்திற் காற்றிலுள்ள நுண்துகள் நூற்றுக்கு 29 வீதம் அதிகரித்ததென மதிப்பிட்டுள்ளது. நீரைக் காக்க இயற்றிய சட்டம் காற்றைக் கெடுத்தது. உணவுப் பஞ்சத்தை நீக்க எடுத்த முடிவு நீர்ப் பஞ்சத்துக்கு வழிவகுத்தது. நீர்ப் பஞ்சத்தைத் தடுக்க எடுத்த முடிவு புகைக்கு வழிவகுத்தது. ஒவ்வொன்றும் தன்னளவில் நன்னோக்கம் உடையதே. ஆயினும் ஒவ்வொன்றும் முன்னதன் விளைவை மட்டும் நோக்கியதேயன்றி, உழவனின் ஆண்டு முழுவதையும் ஒருங்கே நோக்கவில்லை.

புகையும் உடலும்

வைக்கோற் புகை வெறும் கரும்புகையன்று. ஒரு தொன் வைக்கோல் எரியும்போது ஏறத்தாழ 3 கிலோகிராம் துகளும், 60 கிலோகிராம் காபனோரொட்சைட்டும், 1,460 கிலோகிராம் காபனீரொட்சைட்டும், 2 கிலோகிராம் கந்தகவீரொட்சைட்டும் வெளியேறுகின்றன என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பீடு. அரைகுறையாக எரியும் சேதனப் பொருளிலிருந்து, புற்றுநோயை உண்டாக்கவல்ல பென்சோபைரீன் முதலிய சேர்வைகளும் தோன்றுகின்றன. மண்ணுக்கு உரியனவாகிய நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் ஆகியனவும் இழக்கப்படுகின்றன அல்லது சிதறுகின்றன. அவற்றை ஈடுசெய்ய விவசாயி மேலும் உரம் வாங்குகின்றான்.

இவற்றுள் உடலுக்கு மிகக் கேடானவை 2.5 மைக்கிரோமீற்றருக்குக் குறைந்த விட்டமுடைய நுண்துகள்கள். மனிதத் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இவற்றின் அளவு. மூக்கு மயிரும் சளியும் பெருந்துகள்களைத் தடுத்துவிடும், இவற்றைத் தடுக்கா. சுவாசக் குழாயின் கிளைகளைக் கடந்து சிற்றறைகளை அடையும் இவை அங்கே அழற்சியைத் தோற்றுவிக்கின்றன. மிக நுண்ணியவை குருதியோட்டத்திலும் கலக்கின்றன. ஆகவே தொய்வு நோய், சுவாசக் குழாய் அழற்சி என்பவற்றோடு இப்பாதிப்பு நின்றுவிடுவதில்லை. மாரடைப்பு, பாரிசவாதம் ஆகியவற்றுக்கும் இது ஏதுவாகின்றது. காபனோரொட்சைட்டு குருதியின் ஈமோகுளோபினோடு இறுகப் பிணைந்து, அது ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் குறைக்கின்றது. 2013இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வெளிக்காற்று மாசினையும் அதிலுள்ள துகள்களையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பன என வகைப்படுத்திற்று.

நுண்துகளின் நாட்சராசரி ஒரு கனமீற்றர் காற்றில் 15 மைக்கிரோகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வழிகாட்டி அளவு. இந்தியாவின் சட்ட அளவு 60. நவம்பர் மாதத்துத் தீய நாட்களில் டில்லியிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் இது பல நூறாக உயர்கின்றது. 2016ஆம் ஆண்டு நவம்பரிலும் அடுத்த ஆண்டு நவம்பரிலும் டில்லியில் பாடசாலைகளை மூட நேர்ந்தது. எனினும் டில்லியின் மாசு முழுவதும் வயற்புகையால் வந்ததன்று. சில நாட்களில் நுண்துகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேலும் வயற்புகையினதாகக் கணிக்கப்பட்டதுண்டு. ஆனால் அத்தகைய நாட்கள் சிலவே. வாகனம், தொழிற்சாலை, கட்டட வேலை, வீதித் தூசு ஆகியவை ஆண்டு முழுவதும் அந்நகரை மாசுபடுத்துகின்றன. வயற்புகை வந்து சேர்வது ஏற்கெனவே நிறைந்துள்ள பாத்திரத்திலேயே.

டில்லியைப் பற்றியே பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். தலைநகரை அடையுமுன் அப்புகை நூற்றுக்கணக்கான கிராமங்களைக் கடந்து வருகின்றது. அதனை முதலிற் சுவாசிப்பவன் தீயிட்டவனே. அடுத்துச் சுவாசிப்பவர் அவன் மனைவி மக்கள். பட்டியாலாவை அண்டிய பகுதியில் மேற்கொள்ளப்பட்டு 2010இல் வெளியான ஆய்வொன்று, எரிப்புக் காலத்தில் மக்களின் சுவாசப்பை எவ்வளவு காற்றை உள்ளடக்கி வெளியேற்ற வல்லது என்பதைப் பல மாதங்கள் அளந்து நோக்கிற்று. எரிப்புக் காலத்தில் இவ்வாற்றல் குறைந்தது. வளர்ந்தோரைவிடச் சிறுவரிடத்தே இவ்விழப்பு மிகுந்து காணப்பட்டது. தீ ஓய்ந்த பின்னரும் அவர்களது ஆற்றல் முன்னிருந்த நிலைக்கு முற்றாக மீளவில்லை. வளரும் பருவத்துச் சுவாசப்பையில் ஏற்படும் குறை ஆயுள் முழுவதும் தொடரக்கூடியது என்பதை நோக்கும்போது இம்முடிவின் பாரதூரம் விளங்கும்.

2019இல் வெளியான பிறிதோர் ஆய்வு, செய்மதிகள் பதிவுசெய்த தீக்களையும் 2,50,000க்கு மேற்பட்ட மக்களின் சுகாதாரத் தகவல்களையும் இணைத்து ஆராய்ந்தது. கடும் எரிப்பு நிகழும் மாவட்டத்தில் வாழ்வோர் கடுஞ்சுவாசத் தொற்றுக்குள்ளாகும் வாய்ப்பு ஏனையோரினும் மும்மடங்காகும் என அது கண்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளே மிகுதியும் தாக்குண்டனர்.

இவ்விடத்தில் நிலவுடைமை பற்றியும் சிந்தித்தல் வேண்டும். 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பஞ்சாப் மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 32 வீதத்தினர் அட்டவணைச் சாதியினர். இந்திய மாநிலங்களுள் இதுவே மிகவுயர்ந்த விகிதம். பயிர்நிலத்திலோ அவர்களுக்குரிய பங்கு மிகச் சிறிது. பெரும்பாலும் நிலமற்ற கூலியாளராகிய அவர்கள் வைக்கோலை எரிப்பதா விடுவதா என்று தீர்மானிப்பவர் அல்லர். நெல்லின் விலையும் அவர்களைச் சேர்வதில்லை. புகை மாத்திரம் சமமாகச் சேர்கின்றது. அன்றன்றைய உழைப்பில் வாழும் அவர்களுக்குக் கதவடைத்து வீட்டினுள் இருத்தலும் இயலாது. நகரத்துச் செல்வர் வீட்டில் காற்றைச் சுத்திகரிக்கும் கருவி இயங்கும்போது, வயலோரக் குடிசையில் சாளரத்தை மூடவும் கதவில்லை.

பிற நாடுகளின் அனுபவம்

வயலில் தீயிடுதல் இந்தியாவுக்கு மாத்திரம் உரியதன்று. வளர்ச்சியடைந்த நாடுகளும் அண்மைக்காலம் வரை இதனைச் செய்துவந்தன. அங்கும் உடல்நலம் பற்றிய கவலையே மாற்றத்துக்கு வழிவகுத்தது.

கனடாவின் வினிப்பெக் நகரில் 1992ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் வயற்புகை படிந்தபோது, ஏற்கெனவே சுவாசக் குறைபாடுடைய 428 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், நூற்றுக்கு 42 வீதத்தினர் தமக்கு நோய்க்குறிகள் தோன்றின அல்லது மிகுந்தன எனக் கூறினர். இங்கிலாந்தில் 1984இல் சுற்றாடல் மாசு பற்றிய அரச ஆணைக்குழு வைக்கோல் எரிப்பைத் தடைசெய்யுமாறு விதந்துரைத்தது. 1993இல் தடை நடைமுறைக்கு வந்தது. விதந்துரைக்கும் தடைக்கும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளும் விவசாயி தன்னை மாற்றியமைத்துக்கொள்ள வாய்ப்பாக அமைந்தன.

கலிபோர்னியாவின் சக்கிரமெந்தோப் பள்ளத்தாக்கு பஞ்சாபைப் போலவே இயந்திர நெல் வேளாண்மை மிகுந்த பிரதேசம். அங்குள்ள பியூட் மாவட்டத்தில் 1983 முதல் 1992 வரையான பதிவுகளை ஆராய்ந்தோர், மிகுந்த பரப்பு எரிக்கப்பட்ட நாட்களில் தொய்வு நோயால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோர் தொகையும் கூடியிருந்ததைக் கண்டனர். 1991இல் இயற்றப்பட்ட சட்டம் எரிப்பைப் படிப்படியாகக் குறைத்து, இறுதியில் பயிர் நோய் கண்ட வயல்களுக்கு மட்டும், நெற்பரப்பின் நூற்றுக்கு 25 வீதத்துக்கு மேற்படாதவாறு அனுமதித்தது. விவசாயிகள் குளிர்காலத்தில் வயலில் நீரைத் தேக்கி வைக்கோலை மக்கச் செய்தனர். அவ்வயல்கள் வலசை வரும் நீர்ப்பறவைகளின் உறைவிடமாகவும் மாறின. ஆனால் அங்கே ஆண்டுக்கு ஒரு நெற்போகமே. நெல்லைத் தொடர்ந்து மூன்று வாரத்தில் கோதுமை விதைக்கும் நிர்ப்பந்தம் அவர்களுக்கு இருந்ததில்லை.

பிறேசிலின் சாவோ பாவுலோ மாநில அனுபவம் இன்னும் சுவையானது. அங்கு கரும்பைக் கையால் வெட்டுவதற்கு வசதியாக முதலில் அதன் தோகைக்குத் தீயிடுவர். பிரசிக்காபா நகரில் நடைபெற்ற ஆய்வு, அப்புகைக்கும் சிறுவரும் முதியோரும் சுவாச நோயால் வைத்தியசாலை செல்வதற்கும் உள்ள தொடர்பை 2006இல் எடுத்துக்காட்டிற்று. 2002ஆம் ஆண்டுச் சட்டமும் 2007ஆம் ஆண்டு உடன்படிக்கையும் இத்தீயைப் படிப்படியாக ஒழிக்க வழிசெய்தன. அங்கே தீயை அகற்றியது இயந்திர அறுவடை. பஞ்சாபிலோ தீயைக் கொணர்ந்ததே இயந்திர அறுவடை. இயந்திரம் தன்னளவில் நன்மையோ தீமையோ அன்று. அது எத்தகைய பயிர்முறையிலும் சமூக உறவுகளிலும் புகுத்தப்படுகின்றது என்பதே அதன் விளைவை நிர்ணயிக்கின்றது. தீ ஒழிந்த பிறேசிலில் கரும்பு வெட்டும் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

தண்டமும் பரிகாரமும்

இந்தியாவில் இப்பிரச்சினை முதலில் தண்டனையாலேயே அணுகப்பட்டது. 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எரிப்பைத் தடைசெய்து, நிலத்தின் அளவுக்கேற்ப 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை அறவிடுமாறு பணித்தது. விவசாயிகள் எதிர்த்தனர். 2020ஆம் ஆண்டு டில்லி எல்லையில் தொடங்கிய பெரும் விவசாயிகள் போராட்டத்தின் கோரிக்கைகளுள் இத்தண்டனையிலிருந்து விலக்களிப்பதும் ஒன்றாக இருந்தது. 2021இல் இயற்றப்பட்ட காற்றுத்தர முகாமை ஆணைக்குழுச் சட்டம் விவசாயிகளைச் சிறைத் தண்டனையிலிருந்து விலக்கியபோதிலும், தண்டப் பணத்தை விலக்கவில்லை. 2024இல் அத்தொகை இருமடங்காக்கப்பட்டது.

மறுபுறம், பரிகார முயற்சிகளும் நடைபெற்றன. பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகமும் அவுஸ்திரேலிய ஆய்வாளரும் இணைந்து, அரிதாளை அகற்றாமலே அதனூடாகக் கோதுமையை விதைத்து, வெட்டிய வைக்கோலை மண்ணுக்கு மூடாக்காக இடும் விதைப்பொறியை உருவாக்கினர். 2018 முதல் மத்திய அரசு இத்தகைய பொறிகளுக்குத் தனி விவசாயிக்குப் பாதி விலையையும் குழுக்களுக்கு நூற்றுக்கு 80 வீதத்தையும் மானியமாக வழங்கிற்று. ஆண்டில் சில வாரமே பயன்படும் பொறிக்கு மீதிப் பாதியைக் கடன்பட்டுச் செலுத்துதல் சிறுவிவசாயிக்கு எளிதன்று. எரிக்காதுவிட்ட சிறுவிவசாயிகளுக்குக் குவின்ரலுக்கு 100 ரூபா வழங்குமாறு 2019இல் உச்ச நீதிமன்றம் மாநில அரசுகளைப் பணித்தது. குறுகிய காலத்தில் விளையும் நெல்லினங்களும் பரப்பப்பட்டன. வைக்கோலை எரிபொருளாகக் கொள்ளும் தொழிற்சாலைகளும் தோன்றின.

இம்முயற்சிகளின் பயனை மதிப்பிடுவதில் வரலாற்று மாணவன் சான்றின் தன்மையை ஆராயக் கடமைப்பட்டவன். செய்மதிப் பதிவின்படி, செப்ரெம்பர் நடுவிலிருந்து நவம்பர் இறுதி வரையான பருவத்தில் பஞ்சாபில் 2020இல் 83,002 தீக்கள் கணக்கிடப்பட்டன, 2023இல் 36,663, 2024இல் 10,909. இது பெருவெற்றியாகவே தோன்றும். ஆயின் இக்கணக்குக்கு அடிப்படையான செய்மதிகள் நண்பகல் கடந்த சிறிது நேரத்தில் அப்பிரதேசத்தின்மேல் செல்பவை. தண்டத்துக்கு அஞ்சிய விவசாயிகள் பிற்பகலிலும் மாலையிலும் தீயிடும் வழக்கத்துக்கு மாறினர் என்பதை, வானில் ஓரிடத்தில் நிலைத்து நின்று நோக்கும் பிற செய்மதிகளின் பதிவுகள் காட்டியுள்ளன. எண்ணிக்கை குறைந்த அளவுக்குப் புகை குறைந்ததெனக் கொள்ளுதல் பொருந்தாது. தண்டனை தீயை முற்றாக அணைக்கவில்லை. ஓரளவுக்கு அதனைக் கண்ணுக்கு மறைத்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வட இந்தியாவின் வயற்புகை ஒரு தனிமனிதக் குற்றத்தின் விளைவன்று என்பது புலனாகும். நாட்டின் பசியைத் தீர்க்கத் தலைநகரில் தீர்மானிக்கப்பட்ட விலைக் கொள்கை, பருவத்துக்கு ஒவ்வாத பயிர், கூலியாளின் இடத்தைக் கொண்ட இயந்திரம், இலவச மின்சாரம், நீரைக் காக்க எழுந்த சட்டம் ஆகிய அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, அவ்வடுக்கின் உச்சியில் விவசாயியின் கையில் ஒரு தீக்குச்சி கொடுக்கப்பட்டது. அவனைத் தண்டிப்பது எளிது; அடுக்கைக் கலைப்பது அரிது.

ஆயினும் வரலாற்றுக் காரணங்களைக் கூறிப் புகையை நியாயப்படுத்துதலும் தகாது. பட்டியாலாச் சிறுவனின் சுவாசப்பை கொள்கை விளக்கங்களைக் கேட்டு மீள்வதில்லை. நெல்லைத் தவிர்ந்த பயிர்களுக்கும் உறுதியான விலையும் கொள்வனவும் கிடைக்கும்போதும், வைக்கோலை அகற்றும் செலவை அந்நெல்லின் பயனைப் பெற்ற நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ளும்போதுமே இத்தீ உண்மையில் அணையும். 1960களில் பஞ்சாப் விவசாயியிடம் நாடு தன் பசியைக் கூறிற்று. அவன் தன் நிலத்தையும் நீரையும் கொடுத்தான். தன் பிள்ளைகளின் மூச்சையும் அவனே கொடுக்கவேண்டும் என எதிர்பார்ப்பது எவ்விதத்திலும் நீதியாகாது.